பதின்மூன்றாம் மைல்

தெற்கு பிரான்சில், ரோன் ஆற்றங்கரையில் போக்கேர் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து மேற்கே நீம் நகரை நோக்கிப் போகும் பழைய தடத்தில் மூன்று கல்தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சுற்றுவட்டாரத்தில் அவற்றுக்குச் ‘சீசரின் தூண்கள்’ என்று பெயர். ஆனால் ஜூலியஸ் சீசருக்கும் அந்தக் கற்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் கல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 3ல் நட்டது. இரண்டாவது கல்லில் அவருக்குப் பின் வந்த டைபீரியஸின் பெயர். மூன்றாவது அன்டோனினஸ் பயஸ் காலத்தது, கி.பி. 145. மூன்றும் மைல்கற்கள். நீம் நகரிலிருந்து பதின்மூன்றாவது மைல் என்ற ஒரே செய்தியைத்தான் மூன்றும் சொல்கின்றன.

சென்ற இதழில் ரோமாபுரியிலிருந்து கிளம்பும் அப்பியா சாலையில் நடந்தோம். இந்த வாரம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மேற்கே போகிறோம். இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், ரைன் ஆற்றின் மேற்குக் கரை எல்லாம் சேர்ந்த பெரும் நிலப்பரப்பை ரோமானியர்கள் ‘காலியா’ என்று அழைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் காலியர்கள். அந்த மண்ணை ரோம் எப்படித் தன்னோடு கட்டிப்போட்டது என்று கேட்டால், வாள் என்று சொல்வார்கள். வாள் பாதிதான். மீதிப் பாதி சாலை.

போக்கேரின் மூன்று கற்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. சாலையை யார் போட்டார் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லிவிடும். அதை யார் பராமரித்தார்கள், யார் செலவில், யார் முதுகை ஒடித்து என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மராமத்து நடந்தபோது பழைய கல்லைப் பிடுங்கி எறியாமல் அதன் பக்கத்திலேயே புதுக் கல்லை நட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மராமத்துக் கணக்கு அந்த ஒரே இடத்தில் நிற்கிறது.

அந்தச் சாலையின் பெயர் தொமிசியா. பெயர் கொடுத்தவர் நேயஸ் தொமிசியஸ் அஹெனோபார்பஸ் என்ற ரோமானியத் தளபதி. அஹெனோபார்பஸ் என்றால் வெண்கலத் தாடிக்காரர். பின்னாளில் நீரோ மன்னன் பிறந்ததும் இந்தக் குடும்பத்தில்தான். கி.மு. 121ல் ரோன் ஆற்றுப் பகுதியில் அல்லோப்ரோகர், ஆர்வெர்னி என்ற இரண்டு பெரிய காலிய இனங்களை ரோமானியப் படைகள் முறியடித்தன. வென்ற தொமிசியஸ் யானை மேல் ஏறி அந்த மாகாணம் முழுக்க ஊர்வலம் போனார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். யானை மேல் பவனி வந்தவர், அதோடு நிற்காமல் ஒரு சாலையையும் விட்டுப் போனார். யானையை மக்கள் மறந்தார்கள். சாலையை மறக்கவில்லை.

சாலைக்கு என்ன அவசரம்? ஸ்பெயினில் ரோமுக்கு அப்போது இரண்டு மாகாணங்கள் இருந்தன. அங்கே ஆண்டுதோறும் படை போக வேண்டும், வெள்ளி வர வேண்டும். கடல் வழியை நம்ப முடியாது. புயல் அடிக்கும் மாதங்களில் கப்பலே கிளம்பாது. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் இடையே தரைவழியாக இருந்தது இந்தக் கரையோரப் பட்டை ஒன்றுதான். அது காலியர்கள் கையில் இருந்தது. கி.மு. 118ல் நார்போன் நகரத்தை ரோமானியர் குடியேற்றமாக நிறுவினார்கள். சாலையும் அதே காலத்தில் உருவெடுத்தது. ஆல்ப்ஸ் மலையின் மோன்ஜெனேவ்ர் கணவாயில் இறங்கி, ரோன் ஆற்றைக் கடந்து, நீம், நார்போன் வழியாக பிரனீஸ் மலைக் கணவாய்வரை அது போனது.

1949ல் நார்போனுக்குத் தெற்கே த்ரேய் என்ற கிராமத்தில் ஒரு மைல்கல் கிடைத்தது. அதில் தொமிசியஸின் பெயர், தகப்பன் பெயர், ‘தளபதி’ என்ற பட்டம், பிறகு இருபது என்ற எண். அவ்வளவுதான். காலியாவில் கிடைத்தவற்றில் மிகப் பழைய ரோமானிய மைல்கல் அது. 1997ல் நார்போன் நகராட்சிக் கட்டடத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் வேலை நடந்தபோது, தரைக்குக் கீழே தொமிசியா சாலையின் ஒரு துண்டே வெளிப்பட்டது. இன்று சதுக்கத்தின் நடுவே அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். படியில் இறங்கிப் பழைய கல்தளத்தை அருகில் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். ரோமானியர் வருவதற்கு முன் காலியா வெறும் காடு, அங்கே ஒற்றையடிப் பாதைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. சாட்சி சொல்பவர் சீசரே. கி.மு. 58ல் ஹெல்வெட்டியர்கள் என்ற காலிய இனத்தார் ஊரையே காலி செய்துகொண்டு கிளம்பியபோது முதலில் செய்த காரியம், கிடைத்த அளவுக்கு வண்டிகளையும் இழுவை மாடுகளையும் வாங்கிக் குவித்தது என்று அவர் எழுதுகிறார். அவர்களுக்கு இருந்த இரண்டு வழிகளில் ஒன்று மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகல் என்றும் சொல்கிறார். குறுகலானாலும் அது வண்டிப் பாதை. ஆறுகளில் பாலங்கள் இருந்தன. ஜெனீவாவில் இருந்த பாலத்தை இடிக்கச் சொன்னவரே அவர்தான். எட்டு ஆண்டுகளில் காலியா முழுவதையும் அவர் படை சுற்றிவர முடிந்தது என்றால், நடந்தது காலியர்களின் சாலைகளில்தான்.

இன்னொரு சாட்சி மொழி. லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொற்களில் பாதி காலியர்களிடம் கடன் வாங்கியவை. நான்கு சக்கரப் பயண வண்டி ‘ரேடா’, கூண்டு வண்டி ‘கார்பென்டம்’, பார வண்டி ‘கார்ரஸ்’ எல்லாம் கெல்டிக் சொற்கள். கார்ரஸ்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இன்று நம் வீட்டு வாசலில் ‘கார்’ என்று நிற்கிறது. நாம் சொல்லும் ‘மைல்’ ரோமானியருடையது. ஆயிரம் என்று பொருள்படும் லத்தீன் ‘மில்லே’யிலிருந்து வந்தது. ஒரு ரோமானிய மைல் என்பது படைவீரனின் ஆயிரம் இரட்டை அடி, சுமார் 1,480 மீட்டர். அளவுக்கு ஒரு சொல்லும் வண்டிக்கு ஒரு சொல்லுமாக இரண்டு தரப்பின் சொற்களும் நம் பேச்சில் புழங்குகின்றன.

அப்படியானால் ரோம் புதிதாகச் செய்தது என்ன? அளந்தது, நேராக்கியது, மழையில் கரையாமல் உயர்த்திக் கட்டியது, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டது.

கட்டிய விதம் பற்றி நம் பாடப்புத்தகங்கள் வரையில் ஒரு படம் வந்து சேர்ந்திருக்கிறது. அடியில் பெரிய கல், அதன் மேல் சுண்ணாம்புக் கலவை, அதன் மேல் நுண்கலவை, உச்சியில் பளபளவென்று அறுகோணத் தளக்கற்கள் என நான்கு அடுக்கு. இந்தப் படம் ரோமானியர் வரைந்தது அல்ல. ரீம்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலா பெர்ஜியே 1622ல் ரோமானியச் சாலைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் வீட்டுத் தரை போடும் முறையை விவரித்திருந்ததை எடுத்து, சாலைக்கும் அதுவே பொருந்தும் என்று அவர் கருதினார். அன்றிலிருந்து அந்தப் படம் ஓயவில்லை. பெர்ஜியே பெரிய உழைப்பாளி. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நானூறு ஆண்டுகளாக அந்தப் படத்தை அப்படியே திருப்பித் திருப்பி அச்சடிப்பவர்கள் மேல் வருத்தம்தான்.

அகழாய்வுக் குழிகள் காட்டுவது வேறு. காலியாவின் சாலைகளில் மிகப் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். வழியை அளந்து குறித்து, மேல்மண்ணை வெட்டி எடுத்து, பக்கத்தில் என்ன கிடைக்கிறதோ அதைக் கொட்டினார்கள். ஆற்றங்கரையில் கூழாங்கல், மலையடிவாரத்தில் உடைகல். ஓரங்களில் பெரிய கற்களை அணைத்து வைத்து, நடுவே சரளையும் மண்ணும் போட்டு இடித்து இறுக்கினார்கள். மழைநீர் வழிந்தோட நடுவில் கொஞ்சம் மேடு, இரு பக்கமும் வடிகால். அகலம் பெரும்பாலும் 5 முதல் 8 மீட்டருக்குள். தளக்கல் பாவியது நகரங்களுக்குள்ளும், சரிவுகளிலும், பாலத்தை ஒட்டியும்தான். சரளை தேயத் தேய அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காகத் தெரிகிறது. ஆக, அந்த அடுக்குகள் முதல் நாளே திட்டமிட்டுப் போட்டவை அல்ல. தலைமுறை தலைமுறையாக யாரோ கூடை சுமந்து கொட்டியவை.

யார் அந்த யாரோ? கி.மு. 69ஐ ஒட்டி ரோமாபுரியில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை தருகிறது. தென்காலியாவின் ஆளுநராக இருந்த மார்க்கஸ் ஃபோன்டேயஸ் மீது காலியர்கள் ரோமுக்கே வந்து குற்றம் சாட்டினார்கள். அதில் ஒன்று தொமிசியா சாலையின் மராமத்து வேலை. தன் பங்குக்கு வேலை செய்ய வேண்டிய சமூகங்கள் சிலவற்றிடம் பணம் வாங்கிக்கொண்டு விலக்கு அளித்தார், மோசமாக முடித்த வேலையைப் பணம் வாங்கிக்கொண்டு சரி என்று ஏற்றார் என்பது புகார். இன்னொரு புகார், சாலையில் போகும் மதுவுக்கு அவர் விதித்த வரி. இத்தாலிய வியாபாரிகள் ஆற்றில் படகிலும் சமவெளியில் வண்டியிலும் மதுவைக் கொண்டுபோய் விற்றார்கள். காலியாவின் உள்நாட்டில் ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமையையே கொடுத்தார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருக்கிறார். அப்படிக் கொழுத்த வியாபாரத்தில் வழியில் மறித்து வரி போட்டால் எவ்வளவு சேரும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஃபோன்டேயஸுக்காக வாதாடியவர் சாதாரண ஆள் அல்ல, சிசெரோ. ஆளுநருக்கு அரசாங்கத்தின் பெரிய பொறுப்புகள் இருந்தன. சாலை வேலையை உதவி அதிகாரிகளிடம் விட்டிருந்தார். யாருக்கும் விலக்கு இல்லை, பலருடைய வேலை நிராகரிக்கவும் பட்டது என்பது அவர் வாதம். அதோடு விட்டிருந்தால் அது வழக்கறிஞரின் தொழில். அதற்கு மேலே போய், காலியர்களிலேயே மிக உயர்ந்தவரையும் ரோமானியக் குடிமக்களில் கடைக்கோடி ஆளோடு ஒப்பிட முடியுமா என்று கேட்டார். எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சியான அல்லோப்ரோகர் தலைவர் இந்துதியோமாரஸின் சொல்லை எடைபோடாமலே தள்ளப் பார்த்தார். சிசெரோவின் எழுத்தை எவ்வளவு ரசித்தாலும், இந்தப் பேச்சைப் படிக்கும்போது என் மனம் சாட்சிக் கூண்டின் பக்கமே போகிறது. தங்கள் நிலத்தின் வழியே தங்கள் கையாலேயே சாலை போட்டு, அதில் தங்களை அடக்கப் படை வருவதையும் பார்த்து, பிறகு லஞ்சமும் கொடுத்தவர்கள் அவர்கள்.

சீசரின் போர்கள் முடிந்தபின் காலியா முழுவதும் ரோமின் கைக்கு வந்தது. கி.மு. 43ல் ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் முனேசியஸ் பிளாங்கஸ் ஒரு நகரத்தை நிறுவினார். லுக்துனம், இன்றைய லியோன். அகஸ்டஸின் நண்பரும் மருமகனுமான அக்ரிப்பா காலியாவை இரு முறை நிர்வகித்தவர். அவர் இந்த நகரத்தையே முளையாக அடித்து அதிலிருந்து நான்கு சாலைகளை இழுத்தார் என்று ஸ்ட்ராபோ தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒன்று செவென் மலைகளைத் தாண்டி மேற்கே அக்விடானியாவுக்கு. ஒன்று வடகிழக்கே ரைன் ஆற்றுக்கு. ஒன்று வடமேற்கே ஆங்கிலக் கால்வாய்க் கரைக்கு. நான்காவது தெற்கே நார்போனுக்கும் மர்சேய் கரைக்கும்.

ரைன் சாலையைப் பற்றி மரமே தேதி சொல்கிறது. அந்த வழியில் உள்ள ட்ரியர் நகரத்தில் மோசெல் ஆற்றின் அடியில் முதல் பாலத்தின் மரத்தூண்கள் கிடைத்தன. வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அவை வெட்டப்பட்டது கி.மு. 18 – 17. அக்ரிப்பா இரண்டாம் முறை காலியாவை விட்டுக் கிளம்பி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய கல்தூண்கள் மேல் நிற்கும் பாலம் ட்ரியரில் இன்றும் போக்குவரத்தைத் தாங்குகிறது. மேலே உள்ள வளைவுகள் மட்டும் 18ஆம் நூற்றாண்டு வேலை.

சாலை வந்ததும் ஊர்களே இடம் பெயர்ந்தன. ஏதுயி இனத்தாரின் தலைநகரான பிப்ராக்டே ஒரு மலை மேல் இருந்தது. போர்க்காலத்துக்கு ஏற்ற இடம். அகஸ்டஸ் காலத்தில் மக்கள் மலையை விட்டுக் கீழே இறங்கி, சாலையோரம் ஓதன் என்ற புது நகரத்தில் குடியேறினார்கள். பாதுகாப்பைவிடச் சாலை பெரிதாகத் தெரிய ஆரம்பித்த காலம் அது.

ஓட்டத்துக்கும் குறைவில்லை. கி.மு. 9ல் தம்பி துருசஸ் ஜெர்மானியாவில் சாகக் கிடக்கிறான் என்று கேட்ட டைபீரியஸ், ஒரு பகல் ஒரு இரவில் 200 மைல் கடந்ததாக பிளினி குறித்திருக்கிறார். மாற்றுக் குதிரைகள் வழிநெடுகத் தயாராக இல்லாமல் இது நடக்காது. அரசு அஞ்சலுக்காக அகஸ்டஸ் ஏற்படுத்திய ஏற்பாடு அது. குதிரை மாற்றும் நிலையங்கள், இரவு தங்கச் சத்திரங்கள். ஆனால் குதிரையும் வண்டியும் அந்தந்த ஊர்க்காரர்கள் தர வேண்டியவை. இந்தச் சுமையைக் குறைக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை என்று கிளாடியஸ் மன்னர் வருந்தி வெளியிட்ட ஆணை ஒன்று கிரேக்க நாட்டில் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் கிளாடியஸ் லியோனில் பிறந்தவர். கி.பி. 48ல் காலியத் தலைவர்களுக்கும் ரோமாபுரி செனட்டில் இடம் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அந்தப் பேச்சைப் பொறித்த வெண்கலப் பலகை 1528ல் லியோனில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது. சாட்சி சொல்ல வந்தபோது சிசெரோ அவமானப்படுத்திய மக்களின் வாரிசுகள், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் சட்டம் இயற்றும் அவைக்குள் போனார்கள்.

இதைவிட என்னை உருக்குவது இன்னொரு சிறிய செய்தி. காலியர்களுக்கென்று தூர அளவு ஒன்று இருந்தது. ‘லேயுகா’. ஒன்றரை ரோமானிய மைல் ஒரு லேயுகா. கி.பி. 200ஐ ஒட்டி, செப்டிமியஸ் செவெரஸ் ஆட்சிக் காலத்திலிருந்து, தெற்கு மாகாணம் நீங்கலாக காலியாவின் அரசு மைல்கற்களில் மைலுக்குப் பதில் லேயுகா வர ஆரம்பிக்கிறது. ரோமானியப் பேரரசரின் பெயருக்குக் கீழே, தோற்றுப்போன மக்களின் அளவு! இரண்டரை நூற்றாண்டு ரோமானிய ஆட்சிக்குப் பிறகும் வண்டிக்காரர்கள் வாயில் லேயுகாதான் இருந்திருக்கிறது. கடைசியில் கல்தான் வழிக்கு வந்தது.

பியூட்டிங்கர் வரைபடம் என்று ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ரோமானியச் சாலைப் படத்தை இடைக்காலத்தில் நகலெடுத்த தோல் சுருள். அதன் நீளம் ஆறே முக்கால் மீட்டர், உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதில் லியோன் நகரத்தருகே, காலியாவின் தலைநகர், இதுவரை லேயுகாக் கணக்கு என்று ஒரு குறிப்பு இருக்கிறது. நம் ஆட்களுக்கு இந்தப் படம் வேறு காரணத்துக்காகவும் அறிமுகமாகியிருக்கும். மேற்குக் கோடியில் காலியாவின் சாலைகள் சிவப்புக் கோடுகளாகத் தொடங்கும் அதே சுருளின் கிழக்குக் கோடியில், அகஸ்டஸ் கோயில் ஒன்றோடு நம் பழைய துறைமுகமான முசிறி நிற்கிறது.

நான்காம் நூற்றாண்டு பிறந்தபோது கூடை சுமக்கும் கைகள் ஓய்ந்துபோயிருந்தன. கி.பி. 311ல் ட்ரியரில் கான்ஸ்டன்டைன் மன்னர் முன் பேசிய ஓதன் நகரத்துப் பேச்சாளர் ஒருவர், தங்கள் ஊர்ப் பக்கத்துப் படைச்சாலையே மேடும் பள்ளமுமாகிவிட்டது, பாதிப் பாரம் ஏற்றிய வண்டிகூடக் கடக்கத் திணறுகிறது என்று முறையிட்டார். கி.பி. 406 கடைசியில் வாண்டல்கள், ஆலன்கள், சுவேபியர்கள் என்ற இனத்தார் ரைன் ஆற்றைத் தாண்டிக் காலியாவுக்குள் நுழைந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ஸ்பெயினுக்குள் இருந்தார்கள். சாலை ஆள் பார்த்து வழி விடாது.

அதன் பிறகு யார் போட்டது என்பதே மக்களுக்கு மறந்துவிட்டது. வடக்கே இந்தச் சாலைகளைப் பிரூனோ அரசியின் சாலைகள் என்றார்கள். அவர் ஆறாம் நூற்றாண்டின் ஃபிராங்கிய ராணி. அப்ட் ஊருக்குப் பக்கத்தில் தொமிசியா சாலையின் ஜூலியன் பாலம் மூன்று வளைவுகளோடு முழுசாக நிற்கிறது. பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை, 2005 வரை, கார்கள் அதன் மேல்தான் ஓடின.

பிரான்சுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீம் – மான்பெலியே நெடுஞ்சாலையில் போனால் நடுவழியில் அம்ப்ருசத்தில் இறங்குங்கள். விதூர்ல் ஆற்றின் நடுவே தொமிசியா சாலைப் பாலத்தின் ஒற்றை வளைவு மட்டும் நிற்கிறது. ஓவியர் கூர்பே 1857ல் வரைந்தபோது இரண்டு இருந்தன. ஒன்றை 1933 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்துக் குன்றில் காலியர்களின் பழைய ஊர் இருக்கிறது. அங்கே ஏறும் தளக்கல் தெருவில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த இரட்டைத் தடம் கல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். குனிந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)